சுயவிபரக் கோவையும் நம் கரையோரத்துப் பிள்ளைகளும்

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டு காலம் இருந்தவன் என்றால் எழுத்தோடு சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்துக்கும் அவனிடம் போகலாம் என்பது எங்கள் பகுதியில் எழுதப்படாத சட்டம். மரண அறிவித்தல், கலியாணக் கடிதம், பிரதேச செயலாளருக்கு மகஜர், ஓய்வு பெறும் அதிபருக்கு வாழ்த்து மடல் என்று எத்தனையோ எழுதிக் கொடுத்தாயிற்று. சில வருடங்களாக அந்த வரிசையில் முதலிடத்தைப் பிடித்திருப்பது சுயவிபரக் கோவை. "சேர், இத ஒருக்காப் பார்த்துத் தாங்க. நாளைக்கு அனுப்ப வேணும்" என்று சொல்லிக்கொண்டு மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் தாளோடு வருகிறார்கள்; பலர் கைத்தொலைபேசியை நீட்டுகிறார்கள்.

வருகின்ற கோவைகளைப் பார்த்தால், எழுதியவரை அறிமுகப்படுத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவை செய்கின்றன. முழுப்பெயர், முதலெழுத்துகளோடு பெயர், நிரந்தர முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வயது, பால், இனம், மதம், விவாக நிலை, தகப்பனாரின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தேர்தல் தொகுதி ஆகிய அனைத்தும் முதற்பக்கத்தில் வரிசையாக நிற்கும். இரண்டாம் பக்கத்தில் சாதாரண தரப் பரீட்சையின் ஒன்பது பாடங்களும் பெறுபேறுகளும் பெட்டி கட்டி இருக்கும். பிறகு உயர்தரம். அதன் பிறகுதான் பட்டம். உறவினரல்லாத இருவரின் பெயர்கள் வரும். அவர்களில் ஒருவர் அதிபராகவும் மற்றவர் அரசியல்வாதியாகவும் இருப்பார். இறுதியில், மேற்கூறிய விபரங்கள் யாவும் தன் அறிவுக்கெட்டிய வரையில் உண்மையானவை என்ற உறுதிமொழியும் கையொப்பமும். மூன்று பக்கங்களையும் படித்து முடித்த பின்னரும் இந்தப் பிள்ளைக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

இதற்காகப் பிள்ளைகளை நொந்து பயனில்லை. இது அரசாங்க வர்த்தமானி நமக்குக் கற்றுத்தந்த பாடம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் பதவி வெற்றிட அறிவித்தல் வரும். அதன் கீழே மாதிரி விண்ணப்பப் படிவமும் இருக்கும். அந்தப் படிவத்தின் ஒழுங்கு பிசகாமல் எழுதி, கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். தலைமுறை தலைமுறையாக உத்தியோகம் என்பது எங்களுக்கு அரச உத்தியோகம்தான். அங்கே விண்ணப்பதாரி தன்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கேட்டவற்றுக்கு விடை எழுதினால் போதும். பரீட்சையும் புள்ளியும் வயதெல்லையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் தனியார் நிறுவனத்துக்கு எழுதும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

தகைமைகளைப் பட்டியலிட்டு ஆள் தேடுவது தமிழர் வரலாற்றுக்குப் புதியதன்று என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடவோலை மூலம் தெரிவு செய்யப்படுவோர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராகவும், குறிப்பிட்ட அளவு நிலமும் கல்வியும் உடையவராகவும் இருக்கவேண்டும் என்கிறது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு இடமில்லை என்பதும் அதில் உண்டு. ஆயிரம் வருடங்களுக்கு முந்திய பதவி வெற்றிட அறிவித்தல் என்றே அதைச் சொல்லலாம். கணக்குக் காட்டாதவர் பற்றிய அந்த விதியை இக்காலத்தில் எவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எங்கள் கரையோரத்துக்கு ஆங்கிலச் சுயவிபரக் கோவை பெருமளவில் வந்து சேர்ந்தது ஒரு பேரழிவின் பின்னால்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில வாரங்களில் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாடகை வீடுகளில் அலுவலகம் திறந்தன. களஉத்தியோகத்தர், தரவு சேகரிப்பாளர், களஞ்சியப் பொறுப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வெற்றிடங்கள் ஏற்பட்டன. எல்லோரும் கேட்டது ஆங்கிலத்தில் இரண்டு பக்கம்.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். கடலோர வீடுகளில் இருந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு அனைத்தையும் கடல் கொண்டுபோயிருந்தது. பிரதிகளுக்காகப் பதிவாளர் கந்தோருக்கும் கொழும்பிலுள்ள பரீட்சைத் திணைக்களத்துக்கும் அலைந்தவர்கள் ஏராளம். அதே நேரத்தில் கல்முனைப் பிரதான வீதியின் கொமியூனிகேஷன் கடைகளில் ஒரு கணினிக் கோப்பு கைமாறிக்கொண்டிருந்தது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு கோவை. பெயரையும் முகவரியையும் மாற்றி அச்செடுத்துக் கொடுத்தார்கள். சவால் மிக்க சூழலில் தன் திறமைகளைப் பயன்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பதே தன் இலட்சியம் என்று அதன் முதல் வாக்கியம் சொல்லும். சாரதி வேலைக்கும் அதே இலட்சியம். கணக்காளர் வேலைக்கும் அதே இலட்சியம். இன்றும் என்னிடம் வரும் கோவைகளில் பத்தில் நாலைந்தாவது அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன.

2022 நவம்பருக்குப் பின் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் கேள்வியைத் தட்டுகிறார்கள். பளபளப்பான ஆங்கிலம் வந்து விழுகிறது. ஆனால் இருபது பேர் தட்டினால் இருபதும் அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்கின்றன. எழுத்துப் பிழை போய்விட்டது, ஆளும் போய்விட்டார். அந்தச் செயலியை எழுத்துப் பிழை திருத்தப் பயன்படுத்துங்கள், தாராளமாக. உங்கள் வாழ்க்கையில் நடந்தது என்ன என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

நடந்தது என்ன என்பதை வாங்குவதுதான் பெரும் பாடு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்ற ஓர் இளைஞர், அனுபவம் என்ற தலைப்பின் கீழ் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார். "அப்ப இந்த ரெண்டு வருஷமா என்ன மகன் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான் சேர். மாமாட நெல் ஸ்டோரில நிண்டேன்" என்றார். நெல் ஸ்டோரில் நின்று என்ன செய்தார் என்று துருவிக் கேட்டபோது ஒவ்வொன்றாக வெளிவந்தது. சம்மாந்துறை, இறக்காமம் வயல்களிலிருந்து வரும் நெல்லை நிறுத்து எடுத்திருக்கிறார். ஈரப்பதம் பார்த்து விலை பேசியிருக்கிறார். இரண்டு போகத்திலும் கொடுக்கல் வாங்கல் கணக்கைக் கணினியில் ஏற்றியிருக்கிறார். அதற்கு முன்னர் பள்ளிவாசலின் ஸகாத் விநியோகத்துக்காக வீடு வீடாகச் சென்று முந்நூறு குடும்பங்களின் விபரம் திரட்டியிருக்கிறார். கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, களஆய்வு என்று நான்கு துறைகளின் அனுபவம் அது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத வேலை வேலையே அல்ல என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மருதமுனைக் கைத்தறிக் குடும்பங்களின் பிள்ளைகளிடமும் இதே கதைதான். சாயமிடுதல், பா ஓட்டுதல், ஓடர் எடுத்தல், கொழும்புக் கடைக்காரரிடம் காசு வசூலித்தல் எல்லாம் தெரியும். கோவையில் ஒரு வரி இராது.

செய்தி எழுதப் பழகுகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது, முக்கியமானதை முதற் பந்தியில் வை என்பதுதான். இடம் போதாமல் பக்க வடிவமைப்பாளர் கீழிருந்து வெட்டினாலும் செய்தி பிழைத்துக்கொள்ள வேண்டும். சுயவிபரக் கோவைக்கும் அது அப்படியே பொருந்தும். அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2012 இல் ஆட்சேர்ப்பு அலுவலர்கள் 30 பேரின் கண்ணசைவை அளந்து, முதற் பார்வையில் ஒரு கோவைக்கு ஏறத்தாழ 6 செக்கன்களே கிடைக்கின்றன என்று சொன்னது. 2018 இல் அதை 7.4 செக்கன்களாகத் திருத்தியது. முப்பது பேரை வைத்துச் செய்த ஆய்வை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் செய்தி அறையில் வந்து குவியும் பத்திரிகைக் குறிப்புகளை நானே எவ்வளவு வேகத்தில் தள்ளியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பெயருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் அடுத்தபடியாக மூன்று வரிகள்: நான் யார், இதுவரை என்ன செய்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது எவ்வாறு உதவும். அதன் கீழ் கடைசியாகச் செய்த வேலை முதலில். பட்டம் இருப்பவர் சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களையும் பட்டியலிட வேண்டாம்; கேட்டிருந்தால் ஆங்கிலம், கணிதம் இரண்டையும் சொன்னால் போதும். பட்டம் இல்லாமல் தொழிற்பயிற்சி பெற்றவர் தேசிய தொழிற் தகைமையின் மட்டத்தை இலக்கத்தோடு குறிப்பிட வேண்டும். மட்டம் மூன்று, நான்கு என்பதை வளைகுடாவில் ஆள் எடுப்பவர்களும் விசாரிக்கிறார்கள்.

பெயரடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாக இயங்கக்கூடியவர் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எந்தத் துணை ஆசிரியரும் முதலில் அடித்துவிடுவது அவற்றைத்தான். சோம்பேறி என்று தன்னை எழுதிக்கொண்டவர் எவருமில்லையே! எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எந்த ஊர் என்று எழுதுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கோவையில் இட வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் வியப்போடு பார்க்கிறார்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு நான்கு இலக்கமாகவே இருக்கிறது. ஆகவே வயதையும் பாலையும் மறைத்து எழுதினாலும் அந்த ஓர் இலக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதைவிட முக்கியமாக, உங்கள் பெயரில் வேறொருவர் காரியம் பார்க்க அந்த இலக்கமும் ஒரு கடவுச்சீட்டுப் பிரதியும் போதும்.

இனம், மதம் என்ற இரு வரிகளைப் பற்றியும் பேசவேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களையும், அதனைத் தொடர்ந்து ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் நடந்தவற்றையும் அடுத்து, ஊரின் பெயரைக் கோவையில் போடலாமா என்ற கேள்வியோடு வந்தவர்கள் பலர். கொழும்பில் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று ஒரு பெண் பிள்ளை கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் உடனே பதில் சொல்லவில்லை. இனமும் மதமும் வேலைக்குத் தேவையில்லாத விபரங்கள். யாராக இருந்தாலும் அவற்றை எடுத்துவிடலாம். முழு வீட்டு முகவரியும் வேண்டியதில்லை, நகரத்தின் பெயர் போதும். ஆனால் பெயரையும் ஊரையும் மறைப்பது வேறு விடயம். மறைத்துப் பெற்ற நேர்முகப் பரீட்சைக்கு அதே பெயரோடும் அதே அடையாள அட்டையோடும்தானே போகவேண்டும்? அந்தப் பிள்ளை சாய்ந்தமருது என்றே எழுதினார். இரண்டு இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டும் ஏன் பேசாமல் இருந்தன என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை. அதனால் அதைப் பற்றி எழுதவும் மாட்டேன்.

பெயர் என்றதும் எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு தலைவலி. ஏ.எல்.எம்., எம்.ஐ.எம்., யூ.எல். என்று முதலெழுத்துகளோடு வாழ்ந்து பழகியவர்கள் நாம். குடும்பப் பெயர் என்ற வழக்கம் பொதுவாக இல்லை. கடவுச்சீட்டில் அந்த முதலெழுத்துகள் அகமது லெப்பை முகம்மது என்று விரிந்துவிடும். முகம்மது என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கோவையிலும், பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்றிலும், கடவுச்சீட்டில் மூன்றாவதிலும் இருக்கும். கட்டார், துபாய் நிறுவனங்களில் சான்றிதழ் சரிபார்க்கும்போது இந்த ஓரெழுத்து வித்தியாசத்தால் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கோவையைக் கோவையிலும் இணையத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ்களில் முரண் இருந்தால் வேலை கிடைத்த பிறகு அல்ல, இப்போதே திருத்தப் புறப்படுங்கள்.

இணையத்தைப் பற்றிச் சொல்வதானால், லிங்க்ட்இன் தளம்தான் இன்று தொழில் உலகின் சந்தி. 2003 இல் தொடங்கி, 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2023 இல் 100 கோடி உறுப்பினரைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊரில் முகநூலில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அங்கே இருப்பவர்கள் கொஞ்சம்தான். இருப்பவர்களும் கணக்கைத் திறந்து, பெயருக்குக் கீழே 'வேலை தேடுகிறேன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆள் தேடுபவர் அந்தச் சொல்லைத் தட்டித் தேடுவதில்லை. கட்டட அளவையாளர், கணக்குப் பதிவாளர், வலையமைப்புத் தொழினுட்பவியலாளர் என்றுதான் தேடுவார். செய்யத் தெரிந்த தொழிலின் பெயரை, அத்தொழிலில் உள்ளவர்கள் வழங்கும் ஆங்கிலப் பெயராலேயே அங்கு எழுதவேண்டும். கோவையிலுள்ள திகதிகளும் அங்குள்ள திகதிகளும் ஒத்திருக்கவேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது.

பெண் பிள்ளைகள் புகைப்படம் போடத் தயங்குகிறார்கள். வீட்டிலும் விரும்புவதில்லை. "படம் போடாட்டி ஆக்கள் பார்ப்பாங்களா சேர்?" என்று கேட்கிறார்கள். படம் இருந்தால் பார்ப்பவர் தொகை கூடும் என்பது உண்மை. அதற்காக விரும்பாத ஒன்றைச் செய்யவேண்டியதில்லை. படத்தை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி அத்தளத்தில் இருக்கிறது; படமே இல்லாமலும் கணக்கு இயங்கும். அந்தக் குறையை வேறு விதத்தில் ஈடு செய்யலாம். செய்த வேலையின் மாதிரியை இணைக்கலாம்; விரிவுரையாளர் ஒருவரிடமோ பயிற்சி பெற்ற நிறுவனத்தின் மேலதிகாரியிடமோ நாலு வரிப் பரிந்துரை வாங்கிப் போடலாம். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்பும் கணக்கு வேலையும் செய்யும் பெண்கள் எங்கள் ஊர்களில் இன்று இருக்கிறார்கள். அவர்களை எடுத்தவர்கள் பார்த்தது மாதிரி வேலையைத்தான்.

மறுபக்கம் ஒன்று உண்டு. பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து நாட்டை விட்டுப் போனார்கள். வேலை தேடுவோர் பெருகிய இடத்தில் மோசடிக்காரரும் பெருகினர். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததை 2023, 2024 ஆம் ஆண்டுகளில் செய்திகளில் படித்தோம். அவர்களைத் தேடிப் பிடித்ததும் சமூக ஊடகங்கள் வழியாகத்தான். நீங்கள் எழுதி வைக்கும் விபரம் நல்லவர் கண்ணுக்கு மட்டும் படும் என்று எண்ணவேண்டாம். நேர்முகப் பரீட்சை இல்லாமல் வட்ஸ்அப்பில் நியமனக் கடிதம் வந்தால், கடவுச்சீட்டுப் பிரதியும் முற்பணமும் கேட்டால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டுவது 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

சாட்சியாளர் இருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அரசியல்வாதியின் பெயரைப் போட்டால் கனம் கூடும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. கொழும்பிலோ தோஹாவிலோ இருக்கும் மனிதவள அலுவலருக்கு எங்கள் பிரதேச சபை உறுப்பினரைத் தெரியாது; தெரிந்தாலும் அது உதவும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உங்களோடு வேலை செய்த ஒருவரையும் உங்களுக்குப் படிப்பித்த ஒருவரையும் போடுங்கள். போடுமுன் அவர்களிடம் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இன்னார் உங்கள் பெயரைத் தந்திருக்கிறார், அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கையில், அந்த இன்னார் யாரென்று யோசித்துக்கொண்டு நான் நின்ற நாள்கள் உண்டு.

பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். யுனிகோடில் தட்டி, பிடிஎப் கோப்பாக மாற்றி அனுப்புங்கள். அந்தக் கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் தலைப்பாக இடுங்கள். போன வாரம் என் மின்னஞ்சலுக்கு ஐந்து கோவைகள் வந்தன. அவற்றில் மூன்றின் பெயர் 'சீவி புதியது இறுதி' என்றிருந்தது. எது யாருடையது என்று திறந்து பார்த்துத்தான் அறிந்தேன்.